முதல் இரண்டு பாட்டு

பேச்சாயி எங்கள் குழுவில் ஏழு ஆண்டுகள் பாடினாள். ஒரு மேடைக்கு இரண்டு பாட்டு, அவ்வளவுதான். பிள்ளையார் மேல் ஒன்று, மாரியம்மன் மேல் ஒன்று. மாதா கோயில் திருவிழாவாக இருந்தால் அந்தோணியார் மேல் ஒன்று, மாதா மேல் ஒன்று. அவள் முடித்துக் கீழே இறங்கியதும் நான் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறுவேன். கச்சேரி அங்கிருந்துதான் தொடங்குவதாகக் கணக்கு. நோட்டீசில் அவள் பெயர் இருக்காது.

என் பெயர் மதியழகன். நாகல் நகரில் ஒரு தையல் கடை மாடியில் ‘மதியொலி இன்னிசைக் குழு’ என்று போர்டு தொங்கும். குழுவை நடத்தியதும் நான்தான், முதன்மைப் பாடகனும் நான்தான். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் என் குரலுக்கு ஓரளவு பெயர் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

1994 ஆயுத பூஜை. சாணார்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் மத்தியானக் கச்சேரி. வழக்கமாகச் சாமி பாட்டுப் பாடும் கல்லூரிப் பெண்ணுக்குக் காய்ச்சல். சாமி பாட்டு இல்லாமல் ஆரம்பிக்கக்கூடாது என்று மேனேஜர் பிடிவாதமாக நின்றார். எனக்கு சினிமாப் பாட்டைத் தவிர வேறு வராது. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, மில் பெண்கள் சேர்ந்து ஒருத்தியைப் பிடித்து மேடைக்குத் தள்ளினார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். அறுந்த நூலை முடிச்சுப் போட்டு ஓட்டும் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

எந்தச் சுருதி என்று கேட்டேன். “எந்தப் பாட்டுன்னு கேக்குறீகளாண்ணே?” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் பாட ஆரம்பித்துவிட்டாள். கீபோர்டு வாசிக்கும் சூசை அவள் குரல் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று விரலால் தேடித் தேடி, இரண்டாவது அடியில்தான் பிடித்தான். தபலாக்காரர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். ஏனென்றால் அவள் தாளத்துக்குள் இல்லை. தோன்றிய இடத்தில் ஒரு சொல்லை இழுத்தாள். மூச்சு முடிந்த இடத்தில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, எதையோ எங்கே வைத்தோம் என்று யோசிப்பவள்போல மேலே பார்த்தபடி சும்மா நின்றாள். அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில் முந்நூறு பெண்களும் பொரிகடலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவள் அடுத்த சொல்லை எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

பிறகு நான் பதினான்கு பாட்டுப் பாடினேன். அவர்கள் மறுபடியும் பொரிகடலை தின்றார்கள்.

அடுத்த வாரமே அவள் வீட்டுக்குப் போனேன். கணவர் சோலைமுத்து கொஞ்ச நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஷிப்ட் இல்லாத நாளில் கூட்டிப்போகலாம், ஆனால் தானும் கூட வருவேன் என்றார். அன்று முதல் எந்த ஊர்க் கச்சேரியானாலும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டை விரித்து அவர் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு வருடத்தில் நிலைமை மாறியது. முன்பெல்லாம் சாமி பாட்டு நடக்கும்போது மைதானம் காலியாகக் கிடக்கும்; நான் ஏறும்போதுதான் கூட்டம் சேரும். இப்போது ஏழு மணிக்கு முன்பே பாய் விரித்து இடம் பிடித்தார்கள். அவள் முடித்ததும் டீ குடிக்க எழுந்தார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்து, அந்த அக்காவை இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள் என்பார்கள். நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, மாற்ற முடியாது என்பேன்.

பேச்சாயி ஒரு நாளும் இன்னொரு பாட்டுக் கேட்டதில்லை. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து என் பாட்டு அத்தனையையும் கேட்பாள். இறங்கி வந்ததும், “இன்னைக்கு ரொம்ப நல்லாருந்துச்சுண்ணே” என்பாள். அதை உண்மையாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1999இல் ஒரு அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து சினிமாப் பாடகி நீலவேணியை அழைத்து வந்தார்கள். எங்கள் குழுதான் பின்னணி. அறுபதை நெருங்கிய அம்மா. ஒரு காலத்தில் அவருடைய பாட்டு ஒலிக்காத டீக்கடை கிடையாது. பேச்சாயி சிறுமியாக இருந்தபோது ரேடியோவில் அவர் பாட்டுக்காகக் காத்துக் கிடந்தவள். தன் தோட்டத்து மல்லிகையை நெருக்கமாகக் கட்டி எடுத்துவந்து, மேடைக்குப் பின்னால் நின்ற காரின் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவர் வாங்கி உடனே தலையில் வைத்துக்கொண்டார். பேச்சாயிக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்போடுதான் மேடையேறினாள்.

நான் கேட்டதிலேயே அவள் மிக நன்றாகப் பாடியது அன்றுதான். இரண்டு பாட்டோடு அவளை இறங்க விடவில்லை. கமிட்டித் தலைவரே முன்வரிசையில் எழுந்து கையைக் காட்டினார். மூன்றாவது, நான்காவது என்று போனது. சாலைக்கு அந்தப்புறம் நின்றவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நீலவேணி அம்மா ஏறினார். முதல் பாட்டைப் பொறுமையாகக் கேட்டார்கள். அவருக்கு மேல் சுரம் எட்டவில்லை. எட்டாத இடத்தில் லேசாகச் சிரித்துச் சமாளித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல், மொதல்ல பாடுன அக்காவ விடுங்கப்பா என்றது. பிறகு பத்துக் குரல். பிறகு மைதானம் முழுவதும்.

நான் மைக்கை வாங்கி அமைதி காக்கச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பேச்சாயி மேடைக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னாலதான், என்னாலதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தாள். அதுவரை அவள் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“இவுக பாட்டக் கேட்டுத்தான் நான் பாடப் பழகுனேன். செத்த நேரம் சும்மா இருந்து கேளுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.”

 அப்புறம் எழுந்த கைதட்டல், அந்த மேடையில் எந்தப் பாட்டுக்கும் கிடைக்காத கைதட்டல். அவள் பேசியதற்கு. அது ஓயவே இல்லை. நீலவேணி அம்மா கைகூப்பியபடி பக்கத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பேச்சாயி என்ன செய்தாலும் அது அவருக்கு அடியாகவே போய் விழுந்தது.

மூன்றாவது பாட்டோடு அவர் இறங்கிவிட்டார். காரில் ஏறி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். கோபிப்பார் என்று நினைத்துப் போனேன். அந்தப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை, மில்லில் வேலை செய்கிறாள் என்றேன். தலையிலிருந்த மல்லிகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“இனிமே அவளை யாருக்கும் முந்திப் பாட வைக்காதீங்க தம்பி. எனக்காகச் சொல்லலை. கடைசியில பாட வைங்க, பேரைப் போட்டு. அதுதான் நியாயம்.”

கார் போன பிறகு பேச்சாயி ஓடி வந்து, அவர் திட்டினாரா என்று கேட்டாள். இல்லை, பாராட்டினார் என்றேன். அவள் நம்பவில்லை.

அடுத்த மாதமே, பாடகர்களை ஏற்பாடு செய்து தரும் புரோக்கர்கள் மூலம் செய்தி வந்தது. அந்தப் பெண் முதலில் பாடுகிற மேடைக்குச் சென்னையிலிருந்து யாரும் வரமாட்டார்களாம். ஆகவே அவளை முதலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். கடைசியில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். எல்லாரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள்.

கடைசியில் பாடுவதென்றால் சினிமாப் பாட்டுப் பாட வேண்டும். எட்டு வாத்தியம் சேர்ந்து வாசிக்கும். இடையிசை முடிகிற இடத்தில் துல்லியமாக நுழைய வேண்டும். அது பேச்சாயிக்கு வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் அவளுக்கு விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, நுழை. ஞாயிறு தவறாமல் சோலைமுத்து அவளை நாகல் நகர் மாடிக்குக் கூட்டி வருவார். மூன்று மாதம் நடந்தது. முதல் மாதம் முன்னால் நுழைந்தாள், அல்லது பின்னால் நுழைந்தாள். மூன்றாவது மாதம் சரியாக நுழைந்தாள். சுருதி சரியாக நின்றது. எந்த இடத்திலும் தவறு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூசை கீபோர்டை அணைத்தான். பேச்சாயி தண்ணீர் குடிக்கக் கீழே போயிருந்தாள்.

“மதி, நிப்பாட்டிரு. நாம கெடுக்குறோம்.”

“இன்னும் ரெண்டு வாரம்டா,” என்றேன்.

அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. எனக்கும் காது இருந்தது. ஆனாலும் இன்னும் இரண்டு வாரம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளை உயர்த்தத்தான் சொன்னேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் வேறு மாதிரித் தோன்றும்.

2000ஆம் வருடம், சித்தையன்கோட்டையில் அவளை முதன்முதலாகக் கடைசியில் நிறுத்திய கச்சேரி. நோட்டீசில் என் பெயருக்கு மேல், பெரிய எழுத்தில் அவள் பெயர். சோலைமுத்து ஒரு நோட்டீசை வாங்கிப்போய் வீட்டுச் சுவரில் ஒட்டினார். கூட்டம் நெருக்கியடித்தது. நான் எட்டுப் பாட்டுப் பாடிவிட்டு, அவளை அழைத்தேன். பட்டுச்சேலை கட்டி வந்து நின்றாள். வலது கை தொடையோரம் மறைந்திருந்தது. விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

எல்லாப் பாட்டையும் சரியாகப் பாடினாள். மக்கள் மரியாதையாகக் கேட்டார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஓரத்திலிருந்து சிலர் எழுந்து பாயை உதறினார்கள். பிறகு வரிசையாக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கடைசிப் பாட்டின்போது முன்னால் இருந்தவர்கள் கமிட்டிக்காரர்கள் மட்டும்தான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சோலைமுத்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

சரி, போகட்டும், பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்றேன். புரோக்கர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அடுத்த திருவிழாவில் முதல் பாட்டுக்கு அவளையே நிறுத்தினேன். அதே பிள்ளையார் பாட்டு. முன்பு மேலே பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த இடம் வந்தது. நின்றாள். விரல் நான்கு எண்ணியது. சரியாக அடுத்த சொல்லை எடுத்தாள். சூசை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

இறங்கி வந்தவளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“அண்ணே, அந்த எண்ணிக்கை உள்ள போயிருச்சு. வெளிய வரமாட்டேங்குது.”

எண்ணாமல் பாடு என்றேன். அதைத்தான் செய்து பார்க்கிறேன், எண்ணக்கூடாது என்று நினைத்தால் அதையும் சேர்த்து எண்ணுகிறது என்றாள்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். தபலாவை நிறுத்தினோம். கீபோர்டை நிறுத்தினோம். கண்ணை மூடிக்கொண்டு பாடச் சொன்னேன். கையை முறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு பாடினாள். கால் கட்டைவிரல் எண்ணியது. பூப் பறிக்கும்போது பாடச் சொல்லிக் கேட்டுப் பார்த்ததாக சோலைமுத்து சொன்னார். அங்கேயும் அப்படியேதான் இருந்ததாம். அவர் ஒரு நாள் தனியாக மாடியேறி வந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டார்:

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான. நீங்களே எடுத்துவிட முடியாதா?”

அந்த மனுசர் கோபமாகக் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்பதுபோல, ஏதாவது வழி இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.  கீழே தையல் கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனார்.

2001 தைக்குப் பிறகு அவள் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். ஷிப்ட் மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்குப் பதில் ஒரு கேசட்டைப் போட்டுச் சாமி பாட்டை ஒலிக்கவிட்டோம். கூட்டம் பழையபடி நான் ஏறும்போது சேர ஆரம்பித்தது. முன்வரிசையில் கைதட்டினார்கள். கோட்டுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

குழு இன்னும் மூன்று வருடம் ஓடியது. அப்புறம் நான் மைக்செட் வாடகைக்கு விட ஆரம்பித்தேன். சூசை ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்துவிட்டான்.

2007இல் பேச்சாயியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முன்நெற்றியில் நரை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களைப் பழக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றாள். என் மகளைப் பற்றிக் கேட்டாள். எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில், இப்போது பாடுவதுண்டா என்று கேட்டேன்.

“மில்லுல பாடுவேண்ணே. மிஷின் ஓடுறப்ப. எம்புட்டுச் சத்தமாப் பாடுனாலும் எங்காதுக்கே கேக்காது. அதுனால எப்புடி இருக்குன்னு தெரியல.”

சூசை அன்றைக்குச் சொன்னதையும், நான் இன்னும் இரண்டு வாரம் என்று சொன்னதையும் அவளிடம் சொன்னேன். அவள் கீழே பார்த்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. சாணார்பட்டி பஸ் வந்து நின்றது. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வாரேண்ணே” என்று சொல்லிவிட்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் கீழேயே நின்றேன்.