பேப்பரில் வராத ஊர்

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பது கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால் கிடைத்த மரியாதையும் கொஞ்சமில்லை, தொல்லையும் கொஞ்சமில்லை. ரயில்வே சரக்கு ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. துரை படித்து முடித்துக் குப்பைக்கூடையில் போடும் பேப்பரை மறுநாள் மத்தியானம் எடுத்துக்கொண்டு குவார்ட்டர்சுக்குச் சாப்பிட வருவேன். வழியில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் இருந்த மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் எனக்காகக் காத்திருப்பார்கள். ஊர்ச் சேதி, யுத்தச் சேதி, கொலைச் சேதி எதுவானாலும் நான்தான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

1920களின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். நாகப்பட்டினக் கரையில் பெரும்புயல், தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன, சேதம் அதிகம் என்று ஒரு சனிக்கிழமை நாலே வரி வந்தது. அன்றிலிருந்து மரத்தடியில் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அந்தச் சீமைக்காரர்கள்.

ஆனால் பேப்பர்க்காரனுக்கு அந்த நாலு வரியோடு நாகப்பட்டினம் முடிந்து போயிற்று. ஃப்ளோரிடா என்று அமெரிக்காவில் ஓர் இடம். அங்கே முன்பு அடித்த புயலில் எந்தெந்த ஓட்டலின் கூரை போனது, எந்தத் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்கள் சாய்ந்தன என்று படம் போட்டு விவரமாக எழுதியிருந்தான். பிலிப்பைன் தீவுகளில் ஒரு புயல். ஜப்பானில் ஒரு புயல், அதில் கரைக்கு வராத மீன்படகுகளின் பெயர்கள்கூட இருந்தன. படகுக்கெல்லாம் பெயர் போடுகிறான், எங்கள் ஜனங்கள் குடியிருக்கும் ஊர்களின் பெயர் அவன் பேனாவில் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்டவாளம் செப்பனிடும் கூட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் தினமும் முன்வரிசையில் நிற்பார். அந்த நாளில் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. வேதாரண்யம் பக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு சிற்றூர் அவருக்கு. மனைவியும், அவர் இன்னும் பார்த்திராத ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் அங்கே இருந்தார்கள்.

"கிராணியாரே, எங்க ஊரப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?"

"இன்னும் இல்லப்பா."

சனி, திங்கள், செவ்வாய் இதே கேள்வி, இதே பதில். தந்தி போகவில்லை. கடிதம் வர மூன்று வாரமாகும். புதன்கிழமை அவர் வேறு ஒரு சேதியோடு வந்தார். வெள்ளிக்கிழமை கிள்ளான் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். போவதானால் போகலாம், ஆனால் திரும்பி வரும்போது வேலை இருக்குமென்று உறுதி சொல்ல முடியாது என்று அவருடைய துரை சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்துத்தான்.

"இன்னிக்குப் பேப்பர்ல என்ன இருக்கோ அதப் பாத்துத்தாங்க முடிவு பண்ணப் போறேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நல்லாத்தான் பார்த்தேன். ஒரு மூலை விடாமல் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்குப் பசி, எதிரே அந்த முகம். இன்றைக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேதாரண்யம் பக்கம் ஒண்ணும் பெரிசா இல்லையாம். மழைதானாம்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? ஒரு மனிதரை அன்று ராத்திரி தூங்க வைக்கலாம் என்று நினைத்தேனா, சோற்றுக்குப் போக வேண்டும் என்ற அவசரமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"எங்கங்க போட்டிருக்கு?" என்று பக்கத்தில் வந்து குனிந்தார். நான் ஒரு பத்தியில் விரலை வைத்தேன். அது ஜப்பான் புயல். அவர் அந்த வரியைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேராகத் துரையிடம் போய், ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். சோற்றை அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"வாய்க்கு வந்தத சொல்லிட்டு வந்திருக்கீங்களே. போயி உள்ளத சொல்லுங்க."

"சும்மா இரு. ஒண்ணும் ஆயிருக்காது" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவனுக்குத்தானே கோபம் அதிகம்.

மறுநாள் காலையில் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவருடைய கூட்டத்தில் கும்பகோணத்துக்காரர்கள் இரண்டு பேர் அந்தக் கப்பலுக்குப் புறப்பட்டார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டியை இவர் தலையில் சுமந்து வந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். நாலு நாளாக அந்த முகத்தில் சிரிப்பே இல்லை.

"கிராணியாரு இல்லாட்டி நானும் இந்நேரம் வேலைய விட்டுட்டு ஓடியிருப்பேன்" என்று அவர்களிடம் சொன்னார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ரயில் நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் கொடுப்பவர் எனக்குத் தெரிந்தவர். இவருக்கு மாற்று வேட்டிகூட வேண்டியதில்லை, ஏறிக்கொண்டால் போதும். பத்துப் பேருக்கு முன்னால் நான் பொய்யன் ஆவதா என்ற எண்ணம் ஒரு பக்கம், ஊரில் ஒன்றும் நடந்திருக்காது என்ற நப்பாசை ஒரு பக்கம். விசில் ஊதினான். ரயில் கிள்ளான் பக்கம் போயிற்று. நாங்கள் இருவரும் சேர்ந்தே பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து வந்தோம். வழியெல்லாம் அவர்தான் பேசினார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமல் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அவருக்குத் தமிழும் வாசிக்க வராது. மனைவியின் தம்பி எழுதியிருந்தான். முதலில் கண்ணை ஓட்டிப் பார்த்தேன்.

"என்னங்க, படிங்க."

இந்த முறை உள்ளதை உள்ளபடி வாசித்தேன். வேறென்ன செய்ய?

கடல் ஊருக்குள் வந்து வீட்டைக் கொண்டு போய்விட்டது. அக்காவும் குழந்தையும் ஒரு பனைமரத்தைக் கட்டிப் பிடித்துப் பிழைத்தார்கள். எல்லோரும் சத்திரத்தில் தங்கினோம். அத்தான் எப்படியும் வந்துவிடுவார் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தது. புயல் அடித்த பதின்மூன்றாம் நாள் கப்பல் வருகிறது என்று கேட்டு நாகப்பட்டினத்துக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். நீங்கள் இறங்கவில்லை. பிறகு சத்திரத்தில் வாந்திபேதி வந்தது. பதினெட்டாம் நாள் அக்கா போய்விட்டது. குழந்தை எங்களிடம் இருக்கிறது. அத்தான் ஏன் வரவில்லை என்று அக்கா கடைசிவரை கேட்டது. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஐந்து நாள். நான் அதைத்தான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் போயிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் இருந்திருப்பார்.

அவர் அழுதார். வாசலில் உட்கார்ந்து, முண்டாசை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் சொல்ல வாயெடுத்தேன். "அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றார் அவர். "கடுதாசி ஒண்ணு எழுதணும். இப்பவே எழுதிடுங்க."

பேனாவும் காகிதமும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மச்சானுக்கு. அக்கா கேட்டதுக்குப் பதில் எழுதுறேன். நம்ம ஊர்ல ஒண்ணுமில்ல, வெறும் மழைதான்னு இங்க பேப்பர்ல போட்டிருந்துச்சு. நானே கண்ணால பாத்தேன். அதனாலதான் வரல."

எழுதினேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். பிறகு அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, அதன் கீழே அழுத்தினேன்.