நீர் தேடும் மனிதனும் என் அண்ணனும்

ஆளரவமற்ற காட்டிலோ பாலைவனத்திலோ ஒருவனை வானில் பறந்து வரும் உலங்கூர்தியிலிருந்து இறக்கிவிட்டு, கையில் ஒரு கத்தியை மட்டும் கொடுத்து, அவன் எவ்வாறு பிழைத்து வெளியேறுகிறான் என்று காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நான் விரும்பிப் பார்த்தவனல்லன். என் அண்ணன் பார்த்தார். அவருடன் இருக்கும்பொருட்டு நானும் பார்த்தேன். அவருடைய கடைசிக் கோடையின் நண்பகல்கள் பெரும்பாலும் அவ்வாறே கழிந்தன.

அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்வார். உள்ளே போன நீர் தானாக வெளியேற வழியில்லாமையால், உள்ளே போவதை அளந்தே கொடுக்கவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அளவு மீறினால் அந்நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைத்துவிடும். ஒருமுறை அவ்வாறு நேர்ந்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவரைத் தூக்கிச் சென்றிருக்கிறோம். ஆகவே அவருடைய மருமகள் காலையில் ஒரு சிறிய பாட்டிலை நிரப்பிக் கட்டிலருகே வைப்பாள். மறுநாள் விடியும்வரை அவருக்கு அவ்வளவுதான். காப்பியும், மாத்திரை விழுங்கும் வாயளவு நீரும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

நான் செம்பூரில் வசிக்கிறேன். தாராவியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். உணவு முடிந்ததும் தொடர்வண்டி ஏறிச் சுனாபட்டியில் இறங்கி, அண்ணன் வீட்டுக்கு நடந்து செல்வேன். மின்தூக்கி பெரும்பாலும் இயங்காது, படியேறித்தான் போகவேண்டும். அண்ணி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் அலுவலகத்தில் இருப்பான். மருமகள் அடுக்களையில் இருப்பாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் தாராவியில் நெடுங்காலம் மளிகைக்கடை நடத்தியவர். சரக்கு வாங்க வந்தவர்களைவிட அவர் பேச்சைக் கேட்க வந்தவர்களே அதிகம் என்று சொல்வார்கள். அத்தகையவர் ஒரு வெள்ளைக்காரன் புழுவைத் தின்பதை வாய்மூடிப் பார்த்திருந்தது எனக்கு முதலில் வியப்பாகவே இருந்தது. நான் முதன்முதலாக உடனிருந்து பார்த்த அன்று, அம்மனிதன் யானை இலத்தியை இரு கைகளாலும் அள்ளித் தலைக்குமேல் தூக்கிப் பிழிந்து, வழிந்த நீரை வாயில் ஏந்திக்கொண்டான்.

"அண்ணே, இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா? நிறுத்துங்க," என்றேன்.

"நிகழ்ச்சியாம்லா! வாத்தியாருக்குக் குமட்டுதோ? சும்மா இருலே. அவன் துணி வச்சு வடிகட்டுதானான்னு பாரு."

"வடிகட்டவில்லை."

"கூறு கெட்ட பய. நம்ம கடையில நல்லெண்ணெயக்கூட வடிகட்டித்தான குடுத்தோம்."

எனக்கு அதனினும் பெருந்துன்பமாயிருந்தது அதன் தமிழ். அந்த மனிதன் உயிருக்குப் போராடும் வேளையில், யாரோ ஒரு சென்னை இளைஞன் அவனுக்குக் குரல் கொடுத்து, "வாங்க பாஸ், இந்தத் தேள கொஞ்சம் டேஸ்ட் பண்ணுவோம்" என்று சிரித்துக்கொண்டிருந்தான். நான் இதைச் சொல்லிக் குறைபட்டபோது அண்ணன், "அவன் தேளத் திங்கான். உனக்கு இலக்கணம் கேக்குதோ?" என்றார்.

வேறொரு நாள் அம்மனிதன் செம்மண் பாலையில் நெடுந்தொலைவு நடந்து, நீரின்றித் தன் சிறுநீரையே ஒரு பாம்புத் தோலில் பிடித்துக் குடித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் திருப்பவில்லை.

"அதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்லே," என்றார். "எனக்கு அந்த வழியும் அடைச்சுப் போச்சு."

சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மருமகளும் கேட்டிருக்கவேண்டும்.

நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் பாலைத்திணை நடத்தியவன். நீரற்ற சுனையையும், நிழலற்ற மரத்தையும், நாவுலர்ந்த வழிப்போக்கரையும் மின்விசிறியின்கீழ் நின்று விளக்கியிருக்கிறேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அக்கோடையில் அண்ணனுடைய நாவைப் பார்த்தேன். வெளுத்து, வெடித்து, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பிரித்தெடுக்கவேண்டியதாயிருந்தது. நான் விளக்கியவற்றுள் எதுவும் அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஏன் அந்த நிகழ்ச்சியை விடாமல் பார்த்தார் என்பது நாளடைவில் விளங்கிற்று. புழுவும் தேளும் அவருக்குப் பொருட்டல்ல. அம்மனிதன் தாகத்தை எவ்வாறு அடக்குகிறான் என்பதை மட்டும் கூர்ந்து பார்த்து ஒவ்வொன்றாகக் கைக்கொண்டார். கூழாங்கல்லை வாயில் அடக்கினால் உமிழ்நீர் ஊறும் என்று அவன் சொன்ன மறுநாள், அண்ணன் வாயில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. "கல்லு பல்ல உடைச்சிரும். இது வழுவழுன்னு கெடக்கும்," என்றார் மளிகைக்காரர். மூக்கால் மட்டும் மூச்சுவிடவேண்டும் என்றான் அவன். அண்ணன் உதடுகளை இறுக்கிக்கொண்டார். கழுத்தில் ஈரத்துணி சுற்றினான், இவரும் சுற்றினார். பேச்சு உடலின் ஈரத்தைக் குடித்துவிடும், வாயைத் திறக்காதே என்றான். இவர் பேச்சை நிறுத்தினார்.

"மாமா டிவி பாத்துப் பாத்துப் பாகல் ஆயிட்டாக, சின்ன மாமா," என்றாள் மருமகள். அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால், பைத்தியம் என்பதும் போதும் நிறுத்து என்பதும் அவளுக்கு இந்தியில்தான் வரும். "நான் பேசுனா தலைய மட்டும் ஆட்டுதாக. பஸ் கரோன்னு சொல்லுங்க நீங்களாவது."

நான் சொல்லவில்லை. ஏனெனில் அந்த முறைகள் பயன் தந்தன. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் உடலில் ஏறும் நீரின் எடை குறைந்தது. பாட்டிலில் மாலைவரை நீர் மிஞ்சியது. மருத்துவமனையில் அவரைப் பாராட்டினார்களாம். நானோ அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே வண்டியேறி வந்தவன். எதிரில் அமர்ந்து, புளியங்கொட்டை பல்லில் உரசும் ஒலியைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் பிழைத்திருக்கக் கொடுத்த விலையில் என் பங்கு அது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் தம்பி வந்திருக்கிறார். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருப்பவர். அத்தான் மீது உயிரானவர். வெயிலில் வந்து, படியேறி, சட்டை முழுதும் நனைந்து, இரு கைகளிலும் இளநீர்க் காய்களோடு நின்றாராம். மகனும் மருமகளும் கடைக்குப் போயிருந்தார்கள். நடந்ததைப் பின்னர் அவரே அழுதுகொண்டு எனக்குச் சொன்னார்.

"தண்ணிதான ஆகாதுன்னாவ, அத்தான். இது இளநில்லா. மருந்து மாதிரி," என்றிருக்கிறார்.

"எனக்கு வேண்டாம் மாப்ளே. நீ குடி."

"நீங்க வாய நனைக்காம நான் மட்டும் எப்படிக் குடிக்க? வேண்டாம், விடுங்க. நானும் குடிக்கல."

காய்களைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். உதடு காய்ந்திருந்ததை அண்ணன் பார்த்திருக்கவேண்டும். வெயிலில் வந்த ஒருவன் தன் வீட்டில் தொண்டை நனையாமல் திரும்புவது அவர் பழக்கத்தில் இல்லாதது. உடல்நலமற்றவர் குடிக்காதபோது தான் மட்டும் குடிப்பது மைத்துனரின் பழக்கத்தில் இல்லாதது. கடைசியில் அண்ணன்தான் கை நீட்டினார். "முந்தின வாரம் டிவியில அவன் தீவுல இளநியக் குடிச்சுத்தான் பொழச்சான், அப்படின்னாவ," என்று மைத்துனர் விம்மினார். "ரெண்டு பேரும் சேந்து குடிச்சோம். நல்லாருக்குன்னு சொன்னாவ."

மாலையில் அண்ணனுக்குக் கைகால்கள் துவண்டன. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பழுதான சிறுநீரகம் உடையவருக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று மருத்துவர் சொன்னார். நீருக்கு அஞ்சிய எங்களுள் எவரும், நோயாளியைப் பார்க்கப் போகும்போது வழக்கமாகக் கொண்டுபோகும் அந்தக் காய்க்கு அஞ்சவேண்டும் என்று அறிந்திருக்கவில்லை. அண்ணன் உயிரோடு மீண்டார். ஆனால் கால்களில் வலுவில்லை. பாட்டிலின் அளவும் குறைக்கப்பட்டது.

அதன்பின் அந்த வீட்டின் முறையே மாறிற்று. அவர் கண்முன் யாரும் நீர் அருந்துவதில்லை என்று மகனும் மருமகளும் முடிவு செய்தார்கள். மருமகள் அடுக்களைத் திரைக்குப் பின்னால் ஓசையின்றிக் குடித்தாள். மகன் வெளியிலேயே குடித்துவிட்டு வந்தான். வருகிறவர்களிடம் வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கும் ஒரு தம்ளர் நீர் வருவதில்லை. வந்தவர்கள் சிறிதுநேரம் இருந்துவிட்டு எழுந்தார்கள். பிறகு வருவதே குறைந்தது. மைத்துனர் வரவே இல்லை. நானும் சுனாபட்டி நிலையத்தில் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

கோடை முடியும் தறுவாய். மேகம் கவிந்து, மழை பெய்யாமல், காற்றில்லாமல் புழுங்கிய ஒரு நண்பகல். அண்ணனுடைய பாட்டில் அதற்குள்ளாகவே காலியாகியிருந்தது. தொலைக்காட்சி மனிதன் மலைச்சரிவில் உருண்டு விழுந்து, கடைசியில் ஓர் ஓடையைக் கண்டடைந்தான். மண்டியிட்டு இரு கைகளாலும் அள்ளி அள்ளிக் குடித்தான்.

"சத்தத்தக் கூட்டு," என்றார் அண்ணன். பல நாள்களுக்குப் பின் அவர் முழுதாகப் பேசியது அதுதான்.

கூட்டினேன். ஓடையின் ஒலி அறை முழுதும் நிரம்பியது. அந்த ஒலி அடங்கும்வரை அவர் கண்ணிமைக்கவில்லை. விளம்பரம் வந்ததும் புளியங்கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ இங்க வரும்போது எங்கலே தண்ணி குடிக்க?"

"ஸ்டேஷன்ல, அண்ணே."

"ஸ்டேஷன்ல. அண்ணன் வீட்டுக்கு வாறவன் ஸ்டேஷன்ல குடிச்சிட்டு வாறான்." அடுக்களைப் பக்கம் திரும்பினார். "எம்மா! சின்ன மாமாவுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டா."

அவள் திரையை விலக்கி நின்றாள். "மாமா, வேண்டாம் மாமா. டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"எனக்கில்ல. அவனுக்கு. வந்தவனுக்குத் தண்ணி குடுக்காத வீடா ஆக்கிட்டியளே எல்லாருமா சேந்து."

"எனக்குத் தாகமில்லை அண்ணே," என்றேன்.

"தாகத்தப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. குடி."

செம்பு வந்தது. அவர் எட்டிப் பறித்துவிடுவாரோ என்று மருமகள் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். நான் வழக்கம்போல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனேன்.

"வாய் வச்சுக் குடி," என்றார். "அண்ணாந்து குடிச்சா மொகம் தெரியமாட்டேங்கு. நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நான் ஒண்ணும் பிடுங்கமாட்டேன்."

அவள் நகர்ந்தாள். செம்பில் வாய்வைத்துக் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்திருந்தார். நான் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது.

"பானைத் தண்ணியா, பிரிட்ஜ் தண்ணியா?"

"பானை."

"எப்படி இருக்கு?"

தண்மைக்கும் இனிமைக்கும் எத்தனையோ சொற்களை மாணவர்க்குப் பொருள் சொல்லி எழுதிப்போட்டவன் நான்.

"நல்லாருக்கு அண்ணே."

"ம்," என்றார். "முழுசும் குடி. மிச்சம் வைக்காத."

குடித்தேன். அவர் புளியங்கொட்டையை மீண்டும் வாயிலிட்டுக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். உலங்கூர்தி வந்து அம்மனிதனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அதற்குப்பின் நான் போகும் நாள்களிலெல்லாம் கேட்காமலே செம்பு வந்தது. அவர் கண்ணெதிரே அமர்ந்து, வாய்வைத்து, கடைசித் துளிவரை குடிப்பேன். ஒருநாளும் தாகத்தோடு குடித்ததில்லை. கசப்பு மருந்தை விழுங்குவதுபோல் விழுங்கினேன். அவர் அந்த நேரம் மட்டும் திரையிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்ப்பார், முடிந்ததும் தலையசைப்பார். மைத்துனரையும் அழைத்து வரச் சொன்னார். அவர் வந்து, அழுதுகொண்டே ஒரு செம்பு குடித்துவிட்டுப் போனார். அன்று அண்ணன் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. தம் பாட்டிலின் அளவை அவர் ஒருநாளும் மீறவில்லை. மீறியிருந்தால் இன்னும் சில நாள் முன்னதாகவே போயிருப்பார்; மீறாததால் அந்தச் சில நாள்களைத் தாகத்தோடு பெற்றார். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நண்பகல் சென்றேன். ஜன்னலுக்கு வெளியே விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சு மட்டும் சிரமப்பட்டு வந்தது. மகனுக்குத் தகவல் சொல்லியாயிற்று, ஆம்புலன்ஸ் வருகிறது என்றாள் மருமகள். சொல்லிக்கொண்டே, பழக்கத்தால், செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, தண்ணி குடிக்கேன்," என்றேன்.

அவர் திரும்பவில்லை. மீண்டும் ஒருமுறை உரக்கச் சொன்னேன். இமை அசையவில்லை. செம்பை அப்படியே மருமகளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கி, அடுக்களைக்குப் போய், பானையில் ஊற்றினாள்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். திரும்ப அழைத்து வரவில்லை.