பொத்தான் போடும் நேரம்

உறுதி செய்துகொண்டவற்றை மட்டுமே இக்கட்டுரையில் எழுதுகிறேன். நோயுற்றுப் படுத்திருந்த காலத்து நினைவுகளுள் சில உண்மையில் நடந்தவை. சில மருந்தின் மயக்கத்தில் தோன்றியவை. படுக்கைக்கு எதிர்ச்சுவரில் நாள்தோறும் மழைநீர் வழிந்ததாக எனக்கு நினைவு. அங்குச் சுவர் இல்லை, சன்னல்தான் இருந்தது என்கிறார் என் கணவர். எனவே மருத்துவக் குறிப்புகளில் உள்ளவற்றையும், கணவரோ மகளோ உடனிருந்து கண்டவற்றையும், ஐயத்துக்கு இடமின்றி நானே அறிந்தவற்றையும் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. இதே நோயோடு வாழ்பவர்களும், நோய்க்குப் பிறகு நடுவயதில் தாதிமைப் பள்ளிக்கு (செவிலியர் பயிற்சிப் பள்ளி) விண்ணப்பிக்க எண்ணுபவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு மெய்யல்லாத ஊக்கம் தருவதினும் குறைவாகச் சொல்வது நன்று.

முதல் அறிகுறி ஒரு செருப்பு. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளியேறி, நான் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றிய பதிப்பகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் தோளைத் தொட்டார்.

“அக்கா, உங்க செருப்பு. ரெண்டு கடை தள்ளி விட்டுட்டு வந்துட்டீங்க.”

குனிந்து பார்த்தேன். இடக்கால் வெறுங்காலாக இருந்தது. வெயில் ஏறிய நடைபாதையில் அவ்வளவு தொலைவு நடந்ததை என் பாதம் எனக்குத் தெரிவிக்கவில்லை.

அன்று பிற்பகல், அச்சுப்படியின் தாள் விளிம்பு விரல்நுனிக்குத் தட்டுப்படவில்லை. இரண்டு தாள்களைச் சேர்த்தே புரட்டினேன். களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். அவ்வார இறுதிக்குள் மார்சிலிங்கில் உள்ள எங்கள் வீட்டு நாற்காலியிலிருந்து என்னால் எழ முடியாமற்போயிற்று. கணவர் சேகரன் பேருந்து ஓட்டுநர். விடியற்காலைப் பணி முடிந்து வந்தவர் சீருடையைக்கூட மாற்றாமல் என்னை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்.

எனக்கு வந்தது கில்லன்-பாரே நோய் (உடலின் தற்காப்பு ஆற்றலே தன் நரம்புகளைத் தாக்குவது). முதுகுத்தண்டு நீரைச் சோதித்தும், நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பின் வழியே மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளப்பது) செய்தும் அதனை உறுதிப்படுத்தினர். சிகிச்சை, இம்யூனோகுளோபுலின் (பலர் கொடையளித்த குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்). அது சொட்டுச் சொட்டாக உடலில் இறங்கிக்கொண்டிருந்தபோதே கைகளும் தளர்ந்தன.

இந்நோயில் மூச்சுத் தசைகள் தளர்வதே பேரிடர். அதனை அறிய, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று படுக்கையருகே நின்று கேட்பார்கள். இளம் சீன மருத்துவர் ஒருவர் என்னை எண்ணச் சொன்னார். நான் தமிழில் எண்ணினேன். எண்களைத் தமிழிலன்றி எண்ணி எனக்குப் பழக்கமில்லை. இருபதை எட்டுமுன் மூச்சு முடிந்துவிட்டது. அவர் முகம் மாறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்.

அப்போது மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தாதி புஷ்பா. மலேசியாவின் ஜொகூரிலிருந்து நாள்தோறும் எல்லையைக் கடந்து வேலைக்கு வருபவர். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நம்ம நம்பரெல்லாம் நீளம்லா. பதினெட்டு பத்தொன்பதுன்னு இழுத்தா மூச்சு எங்க மிஞ்சும்? இங்கிலீஷ்ல எண்ணுங்க. தமிழ்ப்பற்று வீட்டுக்குப் போய்க் காட்டலாம்.”

ஆங்கிலத்தில் எண்ணியபோது எண்ணிக்கை கூடியது. மருத்துவர் தொலைபேசியை வைத்தார். ஆயினும் தொடர்ந்து என்னைக் கண்காணித்தனர். இதைப் படிக்கும் நோயாளிகள், எந்த மொழியில் முதன்முறை எண்ணினார்களோ அதே மொழியில் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும். இல்லையேல் ஒப்பிட இயலாது.

தளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றது. பிறகு வலிமை மிக மெதுவாகத் திரும்பியது. கரண்டியைப் பிடிக்கும் அளவுக்கு வலக்கை தேறியபோதும் சேகரன்தான் எனக்கு ஊட்டினார். பணி முடிந்து நேரே வருபவர், கஞ்சிக் கிண்ணத்தோடு படுக்கை ஓரத்தில் அமர்ந்துவிடுவார். ஒருநாள் புஷ்பா அதைப் பார்த்துவிட்டார்.

“அண்ணே, அக்கா கைக்கு லீவு குடுத்துட்டீங்களா?”

“ஆறிடும் சிஸ்டர். அவ எடுத்து வாயில வைக்கிறதுக்குள்ள…”

“ஆறட்டும். கஞ்சியத் திரும்ப சூடு பண்ணிக்கலாம்.”

கரண்டியை என் கையில் வைத்துவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போனார். ஆறிய கஞ்சியைக் குடித்தேன். பாதி மேலாடையில் சிந்தியது. சேகரன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பாவின்மேல் எனக்கு நன்றி தோன்றவில்லை, சினமே தோன்றியது. அது தணியப் பல நாள் ஆயிற்று.

வீடு திரும்பியதும் நோய் முடிந்துவிட்டதாக உறவினர் கருதினர். நரம்பு வளர்வதை நகம் வளர்வதோடு ஒப்பிட்டுச் சொன்னார் நரம்பியல் மருத்துவர்: உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. கைத்தடியோடு நடந்தேன், பின்னர் அது இல்லாமல் நடந்தேன். விரல்நுனிகளில் மட்டும் மெல்லிய துணி சுற்றியதுபோன்ற மரமரப்பு தங்கிவிட்டது. சட்டைப் பொத்தான் ஒன்றைப் போடுவதற்குள் அடுப்பில் வைத்த தேநீர் கொதித்து அடங்கிவிடும். மாலையானால் காரணமின்றி உடல் முழுவதும் ஓய்ந்துபோகும். நன்றாக உறங்கி எழுந்தாலும் அக்களைப்பு தீர்வதில்லை.

இந்நிலையில்தான் வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கான சுருக்கப்பட்ட தாதிமைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். எனக்குக் கிடைத்த பராமரிப்புக்குக் கைம்மாறு செய்ய விரும்புகிறேன் என்று பலர் எண்ணினர். அது சரியன்று. படுக்கையில் கிடந்தபோது, எனக்குச் செய்யப்படுவனவற்றுள் எது செம்மை, எது பிழை என்று இடைவிடாது பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் புரட்டிப் படுக்கவைத்த பின் குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி தலையணை வைத்தவர் யார், வைக்காதவர் யார் என்று அறிந்திருந்தேன். மெய்ப்புத் திருத்துபவரின் பழக்கம் அது. வீட்டுக்கு வந்த பின்னும் அந்தப் பார்வை ஓயவில்லை. அதனைக் கொண்டுசெல்ல வேறிடம் எனக்குத் தெரியவில்லை.

சேகரன் உடனே மறுக்கவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்த பிறகு சொன்னார்.

“இப்பதான் மார்க்கெட் வரைக்கும் நடந்துட்டு வர்ற. ஷிஃப்ட் முழுக்க நிக்கணும், மங்கை.”

“தெரியுங்க.”

“தெரிஞ்சும்?”

பல்தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் யாழினி தன் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அப்பா, விடுங்க. அம்மா, ஒரே ஒரு கண்டிஷன். இன்டர்வியூல அவங்க பேசுற இங்கிலீஷ உட்கார்ந்து திருத்தாதீங்க, ப்ளீஸ்.”

உடல்நிலையை மறைக்காமல் எழுதினேன். நடக்க இயலும், பிடிவலிமை தேறியுள்ளது, விரல்நுனி உணர்வு குறைவு, நுண்பணிகளில் தாமதம் உண்டு என்று நரம்பியல் மருத்துவர் சான்றளித்தார். அதைப் பார்த்த பின்னும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தனர்.

தேர்வில் கேள்விகளோடு ஒரு செய்முறையும் இருந்தது. திரை மறைத்த கட்டிலில் நோயாளியாக நடிக்கும் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரைக் கீழ்த்தளத்தில் நடைபெறும் ஊடுகதிர்ச் சோதனைக்கு (எக்ஸ்-ரே) ஆயத்தப்படுத்த வேண்டும். மூலையில் இரு தேர்வாளர்கள் இருந்தனர். ஒருவர் நரைமுடிச் சீனப் பெண்மணி. மற்றவர் மலாய் ஆடவர்.

முதியவரின் சட்டை திறந்திருந்தது. நடுங்கும் கையால் அவர் பொத்தான் போட முயன்றுகொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னேன். வலி இருக்கிறதா என்று கேட்டேன். கட்டிலருகே இருந்த சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பூட்டினேன். பிறகு அவருக்கு முன்னே முழங்காலிட்டு, சட்டையின் கீழ்விளிம்பு நழுவாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். முதற்பொத்தான் துளையைத் தாண்டி நழுவியது. மீண்டும் நழுவியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தேன். இரண்டு பொத்தான்களைப் போட்டு, மூன்றாவதை விரலால் தேடிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்ததற்கான மணி ஒலித்தது. நாற்காலிக்கு அவரை மாற்றவே இல்லை.

பெண்மணி கேட்டார்: ஏன் நீங்கள் போட்டுவிடவில்லை?

அவருக்கு ஏற்ற விடை என்னிடம் ஆயத்தமாக இருந்தது. நோயாளி தானே செய்யக்கூடியதை அவரிடமிருந்து பறிக்கலாகாது என்று புஷ்பாவைச் சான்று காட்டிச் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் அது பாதி. பாதியை மட்டும் சொல்லி ஓரிடத்தைப் பெற்றால், அந்த இடத்தில் என் பொருட்டுக் காத்திருக்கப்போகும் நோயாளியை எண்ணிப் பார்த்தேன்.

“இரண்டு காரணங்கள் இருக்கின்றன” என்று சொன்னேன். “அவர் தாமே போட்டுவிடுவார் என்று தோன்றியது. என் விரல்களால் அவரைவிட விரைவாகப் போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இவற்றுள் எது முதலில் என்னைத் தடுத்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது.”

மலாய் ஆடவர் எழுதுவதை நிறுத்தினார். பெண்மணி என் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவசர நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேறொருவரை அழைப்பேன், அழைக்க வெட்கப்பட மாட்டேன் என்றேன். நன்றி, போகலாம் என்றார். முழங்காலிட்ட நிலையிலிருந்து எழுவதற்குச் சக்கர நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதையும் அவர்கள் பார்த்தனர்.

மின்தூக்கியில் அதே முதியவர் ஏறினார். கையில் நடுக்கமில்லை, நெகிழிப் பையில் காப்பி வாங்கி வைத்திருந்தார். நான் தமிழா என்று ஒருமுறை பார்த்தே உறுதி செய்துகொண்டார்.

“ஏம்மா, காலையிலேர்ந்து எத்தன பேரு. வந்த ஒடனே டக்கு டக்குன்னு பட்டனப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீ ஒருத்திதான் புடிச்சுக்கிட்டே இருந்த.”

“மன்னிச்சுக்கோங்க ஐயா.”

“எனக்கே கோவம் வந்துருச்சு. நடிப்புதான், இருந்தாலும் வந்துச்சு. என்னடா இந்தப் பொம்பளன்னு.” காப்பியை ஒரு மிடறு உறிஞ்சினார். “அப்புறம் ரெண்டாவது பட்டன் போட்டேன் பாரு, அது நடிப்பு இல்ல. போட்டே ஆகணும்னு போட்டேன்.”

“அப்போ நான் பாஸ்னு சொல்றீங்களா?”

“அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கம்மா. ஐம்பது மார்க்கோ முட்டையோ, யாரு கண்டா?”

தரைத்தளம் வந்தது. அவர் இறங்கிப் போனார். நான் அங்கிருந்த நீளிருக்கையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். வருத்தத்தால் அல்ல, கால்கள் ஓய்ந்துவிட்டன.

சில வாரங்கள் கழித்து இடம் கிடைத்தது, நிபந்தனையோடு கிடைத்தது. முதற்பருவ இறுதியில், தொழில்சார் உடல்நலப் பிரிவினர் என் கைகளை மீண்டும் சோதிப்பார்கள். நோயாளிக்குத் தீங்கு நேராத அளவுக்கு நுண்பணிகள் கைவராவிடில் படிப்பைத் தொடர இயலாது. யாழினி அச்செய்தியைப் படித்துவிட்டு, “பாதி அட்மிஷன்லா இது” என்றாள். மறுநாள், வேலைக்குச் செல்லுமுன், சேகரன் தம் பழைய சீருடைச் சட்டைகளை எடுத்து என் நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அவற்றின் பொத்தான்கள் சிறியவை, துளைகள் இறுக்கமானவை. பயிற்சி செய்துகொள் என்று அதற்குப் பொருள்.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. என்னோடு படிப்பவர்களுள் கணக்காளர் உண்டு, சமையற்கலைஞர் உண்டு. அவர்கள் நண்பகலில் பேசிச் சிரிக்கும்போது நான் மேசையில் தலைவைத்துக் கண்மூடுகிறேன். முன்பெல்லாம் உடல் நான் சொல்வதைச் செய்யும் ஏவலாள்போல் இருந்தது. இப்போது அது உடன்வரும் மற்றொருவர். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரோ அதுவே என் நேரம். அவரை விரைவுபடுத்த முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளும் களைப்பும் நோயின் களைப்போடு சேர்ந்துகொள்கிறது.

தெரியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். நோய் எதனால் வந்தது என்று தெரியாது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்த வயிற்றுப்போக்கு தூண்டியிருக்கலாம் என்றார் மருத்துவர், அதனை உறுதிப்படுத்தச் சான்றில்லை. விரல்நுனி உணர்வு முழுவதும் திரும்புமா என்று தெரியாது. பருவ இறுதியில் தேறுவேனா என்று தெரியாது. அன்று அம்முதியவரின் முன் என் கைகளை நிறுத்தியது பொறுமையா இயலாமையா என்பதும் தெரியாது.

மாலைகளில் நாடி பார்க்கப் பழகுகிறேன். விடியலில் எழுந்து பேருந்து ஓட்டிய களைப்பில் சேகரன் அமர்ந்தவாறே உறங்கிவிடுவார். அவர் மணிக்கட்டில் என் மூன்று விரல்களை வைத்துக் காத்திருப்பேன். சில நாள் ஒன்றும் கிடைப்பதில்லை. சில நாள் மெல்லிய துடிப்பு ஒன்று கிடைக்கிறது. அது அவருடைய நாடியா, என் விரலுக்குள் ஓடும் குருதியா என்பதை என்னால் இன்னும் பிரித்தறிய இயலவில்லை.