முற்றத்தில் நட்ட இரண்டு பலகைகள்

யார் வெல்லப்போகிறார் என்று தெரியாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டு வைத்தால் போதும், எந்த அரசாங்கமும் நம் பக்கம் திரும்பிப் பார்க்கும் என்று நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், வாசிப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, இதை நம்பினேன்.

அக்காவும் அத்தானும் மேற்குக் கனடாவில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் மோட்டல் நடத்தினார்கள். அத்தானுக்கு ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பு வந்திருந்தது. டாக்டர் இல்லை என்று அந்த ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைச் சனி, ஞாயிறுகளில் மூடத் தொடங்கினார்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையால் இரண்டு மணித்தியாலம்.

செய்தி கேட்டதும், கடல் கடந்து நோர்பரியில் இருந்த எனக்கு நெஞ்சு படபடத்தது. எங்கள் குடும்ப டாக்டரான ஜிபியிடம் ஓடினேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றுமில்லையே, யாருக்கு வருத்தம்?" என்றார். "கனடாவில் இருக்கிற அத்தானுக்கு" என்றேன். அதற்குப் பிறகு அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் என்னைக் கண்டால் சிரிப்பாள்.

அந்த நேரம் பார்த்து மோட்டலை வாங்க ஓர் ஆள் வந்தார். விற்றுவிட்டு நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போய் இருப்போம் என்றாள் அக்கா. ஆனால் மாகாணத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சிகளும் அவசரப் பிரிவை முழுநேரமும் திறப்போம் என்று சத்தியம் செய்தன. அங்கே ஆதரவாளர்கள் வேட்பாளரின் பெயர்ப் பலகையைத் தங்கள் வீட்டு முற்றத்தில் நடுவார்கள். எனக்கு மூளை வேலை செய்தது.

"அக்கா, ரெண்டு பேற்றை பலகையையும் நடுங்கோ. ஆர் வெண்டாலும் எங்கடை ஆள்."

"உனக்கென்ன விசரே? ஊர்ச்சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தேர்தல் முடியுமட்டும் விக்காதேங்கோ."

அத்தான் போனைப் பறித்தார். அவருக்கும் மோட்டலை விட மனமில்லை.

"மச்சான் சொல்லுறது சரி. இண்டைக்கே நடுறன்."

சமையலறையிலிருந்து என் மனைவி, வேண்டுமென்றே சத்தமாக, "இஞ்சை பஸ் ஸ்டொப்புக்கு ஒரு கூரை போடுவிக்க ஏலாதவர், கனடாவிலை ஆஸ்பத்திரி திறக்கப்போறார்" என்றாள்.

அத்தான் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகையைப் பிடித்தபடி படம் எடுத்து அனுப்பினார். ஊர்ச்சனம் உண்மையிலேயே சிரித்ததாம். வாங்க வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஊரில் வேறு மோட்டல் வாங்கிவிட்டார்.

தேர்தலில் ஒரு பலகை வென்றது. நான் இங்கே பக்கத்து ஊரான சட்டனில் ஒரு பிறந்தநாள் விழாவில் நின்று, ஏதோ நானே பதவியேற்றவன் மாதிரி எல்லோருக்கும் அதைச் சொன்னேன். பிறகு அக்காவின் பெயரில் புதிய உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். 'உங்கள் பலகை எங்கள் முற்றத்தில் நின்றது' என்பதுதான் முதல் வரி. மற்றப் பலகையைப் பற்றி எழுதவில்லை. உங்கள் கரிசனைக்கு நன்றி, டாக்டர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில்தான், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. "தேடுகினமாம், கிடைச்சிடும்" என்று அத்தானுக்குச் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன் எடுத்தாள். அங்கே காலை. அத்தானுக்கு விடிய நெஞ்சு நொந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்ததால் அக்காவே காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். திங்கள் காலைவரை மூடப்பட்டுள்ளது என்று கதவில் ஒட்டியிருந்தது. காரைத் திருப்பி மலைப்பாதையில் விட்டாள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கையில் அத்தான் காருக்குள் இறந்துபோனார்.