வாய்க்காலோரத்து மரம்

சிராங்கூன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலுள்ள ரப்பர் தோட்டத்தில் நானும் மனைவியும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறோம். சாணித் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் ஒரு ரப்பர் மரம் மட்டும் மளமளவென்று வளர்ந்திருந்தது.

"நல்ல நிழலுங்க" என்று சொல்லி, மனைவி பிள்ளையின் தொட்டிலை அதன் கிளையில் கட்டினாள்.

ஒருநாள் பெருங்காற்று. பிள்ளை பசித்து அழ, அவள் அப்போதுதான் அவனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருந்தாள். மரம் வேரோடு சாய்ந்து தொட்டிலை நசுக்கியது. வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. எருவும் தண்ணீரும் காலடிக்கே வந்தால் எதற்கு இறங்கும்? மேட்டில், யாரும் கவனிக்காத நோஞ்சான் மரங்களில் ஒன்றுகூடச் சாயவில்லை.

இப்போது மேட்டு மரத்தில்தான் தொட்டில் கட்டுகிறோம். நிழல் போதாமல் தினமும் அழுகிறான். அலுத்துப்போய் நான் முணுமுணுத்தால், அவள் சொல்கிறாள்: "அழட்டுங்க. அன்னைக்கு அழுததாலதானே இன்னைக்கு இருக்கான்."