குடல் சுத்தம் என்று நான் சொன்ன சாட்சி

"உள்ளே ஒன்றும் இல்லை, குடல் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." போன சம்பா நடவு முடிந்த கையோடு நம் சபையில் எழுந்து நின்று இப்படிச் சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னீர்கள். ஆராதனை முடிவதற்குள் நான் கழிப்பறைக்கு ஓடியதை யாரும் பார்க்கவில்லை. மீதிச் சாட்சி இதுதான்.

மாதக்கணக்காக வயிற்றுப்போக்கு. ரத்தம் இல்லை, சீதம் இல்லை, பெரிய வலியும் இல்லை. வெறும் தண்ணீர். தூக்கத்திலும் எழுப்பிவிடும். அறுபது தாண்டியவள் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது எவ்வளவு அவமானம். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனது. கல்யாணம், சாவு எதற்கும் போவதில்லை. கோயிலில் கதவோரக் கடைசிப் பெஞ்சுதான் என் இடம். புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். அதனால் ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். "பார்வைக்குச் சுத்தமா இருக்கும்மா. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன், ரிசல்ட்டுக்கு வாங்க" என்றார் டாக்டரம்மா. நான் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டேன். சாட்சியும் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு நோய் இருக்கிறது என்று சொன்னால் ஆண்டவரைப் பொய்யராக்குவது போலாகாதா? ரிசல்ட் வாங்கப் போகவே இல்லை.

ஒருநாள் வாய்க்கால் ஓரத்தில் மயங்கி விழுந்தேன். என் வீட்டுக்காரர் தூக்கி உட்கார வைத்துச் சொன்னார்: "சொன்ன சாட்சியைக் காப்பாத்த நீ சாகணுமா? கிளம்பு."

பஸ்ஸில் என் ஜெபம் மாறியது. "உள்ளே எது இருந்தாலும் காட்டும் ஆண்டவரே. இனி மறைக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் பேராவூரணிப் பெண் ஒருத்தி. சின்ன வயது. அவளுக்கும் வயிற்றுப்போக்குதான். வயிற்றை முறுக்குமாம், போய்விட்டு வந்தால் வலி அடங்குமாம், ஆனால் படுத்தால் விடியும்வரை நிம்மதியாகத் தூங்குவாளாம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். "எல்லா வயித்துப்போக்கும் ஒண்ணு இல்லம்மா" என்றார். "உங்களுக்கு இருக்கறது உங்க வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வர்றது. ரத்தம் வராது, தண்ணியா போகும், தூக்கத்திலயும் விடாது. குழாய் விட்டுப் பார்த்தா சுத்தமாத்தான் தெரியும். எடுத்த சதையை மைக்ராஸ்கோப்புல வச்சாதான் அழற்சி தெரியும். உங்க ரிசல்ட்ல அது தெரிஞ்சிருக்கு. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க." தைராய்டு உண்டா என்று கேட்டார். உண்டு. இரண்டும் சேர்ந்து வருவதுண்டாம். மூட்டு வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டார். மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்குவதைச் சொன்னதும், அதுவும் இந்தப் போக்கைத் தூண்டும் என்று நிறுத்தச் சொல்லி, குடலுக்கான மருந்தை எழுதினார்.

அங்கேயே அழுதுவிட்டேன். ஒன்றும் இருக்கக் கூடாது என்று நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே, சுத்தமாகத் தெரிந்த இடத்திலும் கொஞ்சம் எடுத்துப் பார்க்க ஆண்டவர் டாக்டரம்மாவின் கையை நடத்தியிருக்கிறார். நான் கேட்டதைத் தரவில்லை, எனக்கு வேண்டியதைத் தந்தார்.

சில வாரங்களில் போக்கு நின்றது. திரும்பி வரலாம் என்கிறார் டாக்டரம்மா. வந்தால் மறைக்காமல் போய்ச் சொல்வேன்.

கதவோரத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரி யாராவது இதைப் படித்தால், ஆண்டவரிடம் சொல்வதை அப்படியே டாக்டரிடமும் சொல்லுங்கள். தூக்கத்தில் ஓடுவதையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இப்போது முன்வரிசையில் உட்காருகிறேன். ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை எழுந்திருப்பதில்லை. பக்கத்தில் இடம் இருக்கிறது, வாங்க.