பஸ்ஸில் இறுக்கிக் கட்டிய கால்

முருகனை நம்பும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நான் குன்னூர் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். நின்று நின்றே கால் நரம்பு சுருட்டிக்கொண்டது.

போன தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் கிளம்பினோம். ஊரார் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த விடியற்காலை பஸ். தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று எனக்கு விரதம். தோட்டத்தில் அட்டை ஏறாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே துணி சுற்றி ரப்பரால் இறுக்குவோம். நரம்பு அடங்கியிருக்கும் என்று பஸ்ஸிலும் அப்படியே கட்டிக்கொண்டேன். வழியில் நிறுத்திய இடங்களில் மற்றவர்கள் இறங்கினார்கள். நான் அசையவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

மதுரை தாண்டியதும் இடது கெண்டைக்கால் கடுத்தது. கட்டை அவிழ்த்தேன். அந்தக் கால் மட்டும் வீங்கிச் சிவந்து கொதித்தது. ஊன்ற முடியவில்லை. இந்தக் காலை நம்பித்தானே என் பிழைப்பு! எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். "முருகா, உன்னைப் பார்க்காவிட்டாலும் போகிறது, என் காலைக் கொடு" என்று அழுதேன்.

கூட வேலை செய்யும் சரோஜா தைலத்தோடு காலைப் பிடித்தாள். முன் சீட்டிலிருந்து ஓர் அம்மா பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம்.

"ஏனுங்க, தேய்க்காதீங்க! ஒத்தக் கால் மட்டும் வீங்குனா உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாமுங்க. அது நெஞ்சுக்கு ஏறுச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க."

"உங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் அசரவில்லை. பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. காலை இறுக்கிக் கட்டியதும், தண்ணீரில்லாமல் அசையாமல் உட்கார்ந்ததும்தான் வினை என்றார் டாக்டர். எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று மூன்று நாள் சாமி பெயரையே சொல்லவில்லை.

நாலாம் நாள்தான் புத்தி வந்தது. நான் கூப்பிட்ட அடுத்த நிமிஷமே அந்த அம்மா வந்தார் அல்லவா?

கால் பழையபடி ஆகவில்லை. சாயங்காலமானால் வீங்குகிறது. சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்கும் வேலை போய்விட்டது. டாக்டர் அளவெடுத்துக் கொடுத்த அழுத்தக் காலுறையோடுதான் இப்போது பஸ் ஏறுகிறேன். தண்ணீர் குடிக்கிறேன், பாதத்தை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி நடக்கிறேன். அந்த விரதத்தை விட்டுவிட்டேன்.

நீங்களும் மனம் உடைந்தால் அவனைக் கூப்பிடுங்கள். நிச்சயம் வருவான். அவனாக வந்து நிற்கும் மனிதரை மட்டும் என்னைப்போல் திட்டிவிடாதீர்கள்.